முன்சீற்றில் ஒருவரும் ஏறவில்லை

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். நம்பவேண்டாம். பஞ்சலிங்கத்திடம் போய்க் கேட்டாலும், நம்பாமல் விட்டால் உங்களுக்கு நல்லது என்றுதான் சொல்லுவார். ஆனால் நடந்தது நடந்ததுதான். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, ஆவணி மாதம், வெயில் உச்சியில் நின்ற நேரம், வல்லை வெளியில் நடந்தது.

பஞ்சலிங்கம் சண்டிலிப்பாய் ஆள். அவரிடம் ஒரு பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் இருந்தது. கலியாணக் கார். ஒருநாளும் அது செத்தவீட்டுக்குப் போனதில்லை. சுற்றியிருந்த ஊர்களில் அந்தக் காரை முதலில் கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டார் நாள் வைத்தார்கள். அவருடைய பிழைப்பு முழுவதும் அந்த ஒரு பெயரில்தான் நின்றது. அடுத்த நாள் காலையிலும் ஒரு மாப்பிள்ளையை ஏற்றவேண்டும். காரைக் கழுவி, சீற்றுகளுக்கு வெள்ளை உறை போட்டு வைத்திருந்தார்.

இன்னொருவனின் காரில் ஏறுகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் அவர் பொல்லாதவர். கதவை அடித்துச் சாத்தினால் அன்று முழுவதும் முகம் கொடுக்கமாட்டார். கேம்பிறிட்ஜின் கதவைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே அமத்தவேண்டும். எல்லாருமாகப் பின்னுக்கு ஏறிக்கொண்டு, ஓட்டுகிறவனை வேலைக்காரனைப் போலத் தனியே முன்னுக்கு விடக்கூடாது. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. பெற்றோல் இல்லாத காலம் அது. ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் கார் ஓடியது. பற்றறியும் இல்லை. கார் வழியில் நின்றால், ஏறினவன் இறங்கித் தள்ளவேண்டும். அது கூடத் தெரியாதவனை அவர் மனிதனாகவே எண்ணுவதில்லை.

அன்று மாப்பிள்ளைக் காருக்குச் சோடிக்க றிபன் வாங்கக் காரில் யாழ்ப்பாணம் வந்திருந்தார். ஆசுப்பத்திரிப் பக்கமாகத் திரும்பும்போது ஒருவன் ஓடிவந்து மறித்தான். முப்பது வயதிருக்கும். பெயர் சோமசேகரம்.

"அண்ணை, உடுப்பிட்டிக்கு ஒருக்கா வாங்கோ. ஐயாவை ஆசுப்பத்திரியிலை துண்டு வெட்டி விட்டிட்டினம். வீட்டை கொண்டுபோக வேணும்."

"நடப்பாரோ?"

"இல்லை... நல்லாக் களைச்சுப் போனார்."

வருத்தக்காரன், நோயாளி என்றதும் பஞ்சலிங்கத்தால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சோமசேகரமும் அவனுடைய அத்தான் முருகேசுவும் கிழவரைத் தூக்கி வந்தார்கள். தலையிலிருந்து கால்வரை சால்வையால் போர்த்தியிருந்தது. முகத்தில் பாதிதான் தெரிந்தது. பின்சீற்றில் நடுவே இருத்தி, ஆளுக்கொரு பக்கமாக ஏறினார்கள்.

படார்.

முருகேசு கதவை அடித்துச் சாத்தியதில் கண்ணாடி அதிர்ந்தது.

"தம்பி, உது கார்க் கதவு. மாட்டுக் கொட்டில் படலை இல்லை."

"பூட்டுப்பட்டிட்டுது தானே. நீங்கள் எடுங்கோ."

"ஒராள் முன்னுக்கு வாங்கோவன்."

"பரவாயில்லை, நாங்கள் இப்பிடியே இருக்கிறம்."

முன்சீற்று வெறுமையாகக் கிடந்தது. பஞ்சலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு காரை எடுத்தார்.

கோப்பாய் தாண்டியது. நீர்வேலி தாண்டியது.  பின்னாலிருந்து ஓடிக்கொலோன் சென்ற் மணம் மூக்கில் அடித்தது. றோட்டு முழுவதும் கிடங்கும் பள்ளமும். ஒவ்வொரு கிடங்கிலும் பஞ்சலிங்கமே 'ஆ' என்று முனகினார். வருத்தக்காரர் முனகவில்லை. புத்தூரில் நிறுத்தி, "ஐயாவுக்குத் தண்ணி வேணுமோ?" என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றான் சோமசேகரம். கிழவரைக் கேட்காமலே சொன்னான்.

கண்ணாடியில் பார்த்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கும் வியர்த்து ஒழுகியது. கிழவரின் நெற்றி காய்ந்து கிடந்தது. மூக்குக்கு மேலே ஒரு இலையான் ஈ இருந்தது.

கிழவர் அதைக் கலைக்கவில்லை.

பெத்த தகப்பனுக்கு இலையான் கலைத்துவிடக்கூட இவங்களுக்குக் கை வரவில்லையே என்று பஞ்சலிங்கத்துக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வல்லை வெளியில் மரம் இல்லை, வீடு இல்லை. சோளகக் காற்று காரைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் எஞ்சின் இரண்டு முறை செருமியது. நின்றது.

"இறங்குங்கோ. தள்ளவேணும்."

ஒருவரும் அசையவில்லை.

"உங்களுக்குத்தான் சொல்லுறன்!"

"ஐயாவை விட்டிட்டு இறங்கேலாது அண்ணை," என்றான் சோமசேகரம். 

"ஒராள் பிடியுங்கோ. மற்ற ஆள் இறங்குங்கோ."

"ஏலாது."

அப்போது அது கேட்டது. பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து... மெல்லிய சத்தம். டக்... டக்... டக்... டக்...

ஹெலி. வெட்டவெளி. நடுறோட்டில் ஒரேயொரு கார்.

"டேய், சாகப் போறியளோடா! இறங்குங்கோடா!" ஐம்பது வயதுப் பஞ்சலிங்கம் தொண்டை கிழியக் கத்தினார். முருகேசு தலையைக் குனிந்தான். சோமசேகரம் கிழவரின் தோளை இறுக்கிப் பிடித்தான். இறங்கவில்லை.

பஞ்சலிங்கம் இறங்கினார். ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்து, கதவுக் கட்டையில் தோளைக் கொடுத்துத் தனியே தள்ளினார். கார் அசையவில்லை. கண்ணீர் வந்தது. பயத்தால் வந்த கண்ணீர் இல்லை. அவ்வளவு ஆத்திரம்.

டக் டக் டக் டக்...

திடீரென்று பாரம் குறைந்தது.

கார் நகர்ந்தது.

பின்னால் கல்லில் கால் உரசுகிற சத்தம். சரக்... சரக்... ஒரு மூச்சு. இளைக்கிற, வயதான மூச்சு.

"இப்பவெண்டாலும் புத்தி வந்துதே!" திரும்பிப் பார்க்காமல் கத்தினார்.

சரக்... சரக்... சரக்...

கார் வேகம் பிடித்தது. பாய்ந்து ஏறிக் கியரைப் போட்டார். டுப்... டுப்... டுர்ர்ர்.

நிறுத்த முடியாது. நிறுத்தினால் மறுபடியும் செத்துப்போகும். மெதுவாக உருட்டினார். தள்ளினவன் ஓடிவந்து ஏறட்டும்.

முன்கதவு திறந்தது.

சீற்றின் கம்பி கிறீச்சிட்டது.

கதவைத் தூக்கி...

அமத்தி...

கிளிக்.

அவ்வளவு பதமாக அந்தக் கதவை அவரைத் தவிர ஒருவரும் சாத்தியதில்லை.

திரும்பினார்.

முன்சீற்றில் ஒருவரும் இல்லை. வெள்ளை உறை மட்டும், ஆள் இருந்தால் பதிவது போலப் பதிந்திருந்தது. அங்கிருந்து ஓடிக்கொலோன் மணம்.

கண்ணாடியைப் பார்த்தார்.

பின்னால் மூன்று தலை. குலுக்கலில் கிழவரின் சால்வை விலகியிருந்தது. தாடையையும் உச்சியையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

மூக்கில் பஞ்சு.

பஞ்சலிங்கம் காரை நிறுத்தவில்லை.  உடுப்பிட்டியில் அவர்களுடைய படலைக்கு முன்னால்தான் வாய் திறந்தார்.

"எப்ப செத்தவர்?"

"இண்டைக்குக் காலமை," என்றான் சோமசேகரம்.

"சொல்லிப்போட்டு ஏறியிருக்கலாமே! என்ரை கலியாணக் காரடா இது! நாளைக்கு மாப்பிளை ஏறுற கார்!"

"சொன்னா ஏத்தியிருப்பியளோ? நாலு காரிட்டைச் சொல்லிக் கேட்டுப்போட்டுத்தான் உங்களிட்டைப் பொய் சொன்னனான்."

சொல்லியிருந்தால் அவரும் ஏற்றியிருக்கமாட்டார். அது தெரிந்ததால் கோபம் இரட்டிப்பானது.

"சரி. வெளியிலை இறங்கித் தள்ளினது ஆர்?"

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"நீங்கள் தனியத்தானே தள்ளினனீங்கள்," என்றான் முருகேசு. "நாங்கள் விட்டா மாமா விழுந்திடுவார்."

"முன்கதவு?"

"காத்துக்குத் திறந்து பூட்டுப்பட்டது."

அந்தக் கதவு காற்றுக்குப் பூட்டுப்படாது.  உள்ளே அழுகுரல் எழுந்தது. சோமசேகரம் அவருடைய கையைப் பிடித்தான்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அண்ணை. நாங்களும் வாய் திறக்கமாட்டம். உங்கடை காருக்கு ஒரு கெட்ட பேரும் வராது."

கையை உதறிவிட்டு வந்தார்.

வீட்டில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் காரைக் கழுவினார். முன்புறம் முடித்துப் பின்னுக்கு வந்தபோது வாளி கையிலிருந்து நழுவியது. அன்றைய ஓட்டத்தில் மண்ணெண்ணெய்ப் புகை அப்பி, டிக்கி எப்போதும் போலக் கரியாக இருந்தது. அதன் நடுவில் இரண்டு உள்ளங்கைகளின் தடம். பத்து விரலும் விரித்து, ஊன்றித் தள்ளியது போல. அந்த இடத்தில் மட்டும் கரி இல்லை.

கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்தே போனார். உள்ளே போகவில்லை. படலையில் நின்று, "என்ரை கார் பிரேதம் ஏத்திப்போட்டுது. நாளைக்கு வராது," என்றார். சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சொல்லாமல் ஏறினவர்கள்மேல் எரிந்துகொண்டிருந்த ஆத்திரம் அவரை அப்படிச் செய்யவிடவில்லை. மாப்பிள்ளை சைக்கிளில் போனார். அதன்பிறகு அந்தக் காரைக் கலியாணத்துக்கு ஒருவரும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு சோமசேகரம் வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, பஞ்சலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"ஒரு விசயம் கேட்கவேணும் அண்ணை. ஐயாவைக் குளிப்பாட்டேக்கை பார்த்தனாங்கள்... இரண்டு உள்ளங்கையும் கன்னங் கறுப்பு. கரி. மண்ணெண்ணெய் மணம். அம்மா அரப்புப் போட்டு உரஞ்சியும் போகேல்லை. அப்பிடியேதான் எரிச்சனாங்கள்."

பஞ்சலிங்கம் மெல்லத் திரும்பினார்.

"சால்வைக்கு வெளியிலை கை வந்திருக்கும். எங்கையேன் தேய்ச்சிருக்கும்," என்றார். 

சோமசேகரம் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"ஆசுப்பத்திரியிலை நான்தான் அவரைத் துடைச்சது. கை இரண்டையும் நெஞ்சிலை சேர்த்து வைச்சுக் கட்டினதும் நான்தான். சால்வையைப் போர்த்தது அதுக்குப் பிறகு."

தன் இரண்டு மணிக்கட்டையும் நெஞ்சில் சேர்த்து வைத்துக் காட்டினான்.

"வீட்டை வந்து நான்தான் அவிட்டனான். நான் போட்ட முடிச்சு... அப்பிடியே இருந்தது அண்ணை."