அறுபத்திரண்டாவது டெமோவில் வந்த வெள்ளம்

வீடியோ கேம் செய்பவர்கள், முழு விளையாட்டும் வெளிவருவதற்கு முன்னால் அதன் முதல் துண்டை மட்டும் இலவசமாகக் கொடுப்பார்கள். அதற்கு டெமோ என்று பெயர். குற்றாலம் சாலையில் சிப்ஸ் கடைக்காரர் போகிறவர் கையில் இரண்டு வில்லை வைப்பது போலத்தான். நான் அந்த இரண்டு வில்லையோடு நடையைக் கட்டுகிறவன். என் லேப்டாப் முழு விளையாட்டைத் தாங்காது.

வாளும் மந்திரமும் டிராகனும் வருகிற டெமோக்கள் மட்டுமே விளையாடுவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீள நோட்டில் குறிப்பு உண்டு: மாதம், கிழமை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெளியே சாரல் இருந்ததா, பிறகு என் அபிப்பிராயம். மாதிரிக்குச் சில:

"ஆவணி, செவ்வாய். சாரல் இல்லை. அரக்கன் மேல் தப்பிருப்பதாகத் தெரியவில்லை. கதவைத் தட்டாமல் அவன் வீட்டுக்குள் போனது நான்தான்."

"ஐப்பசி, ஞாயிறு. அடைமழை. எல்ஃப் என்ற இனத்தார் முந்நூறு வருடம் வாழ்கிறார்கள். அத்தனை வருடத்தில் ஒருவருக்கும் ஒரு வடைக் கடை போடத் தோன்றவில்லை."

"தை, வெள்ளி. வெயில். நாயகன் பனிமலையில் சட்டையில்லாமல் முக்கால் மணி நேரம் நடந்தான். ஒரு தும்மல் இல்லை."

கடைசிக் கட்டத்தில் "முடிந்தது" என்று எழுதுவேன். தொட்ட டெமோவை, செய்தவர்கள் நன்றி சொல்லும் கடைசித் திரை வரை பார்த்தே தீருவது என்பது என் விதி. அப்படி இடைவெளி இல்லாமல் அறுபத்தொரு "முடிந்தது" வரிசையாக நின்றன. உலகத்தில் வேறு எதையும் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை என்பது என் மனைவியின் கருத்து.

இந்த விளையாட்டுகளில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. அருவிகள். எந்த நாட்டுக்காரர் செய்தாலும் அருவிக்குப் பின்னால் ஒரு குகையையும் குகைக்குள் ஒரு புதையல் பெட்டியையும் வைத்துவிடுகிறார்கள். நான் நாற்பது வருடமாகக் குற்றாலத்தில் குளிக்கிறேன். அருவிக்குப் பின்னால் பாறை இருக்கிறது. பாறையில் ஷாம்பு பாக்கெட் ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

அறுபத்திரண்டாவது டெமோ ஆனி மாதக் கடைசி வாரத்தில் வந்தது. ஏதோ குளிர்நாட்டில் இரண்டே பேர் சேர்ந்து செய்தது. ஒரு வாரம்தான் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமையோடு எடுத்துவிடுவோம் என்று போட்டிருந்தார்கள். ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம். திரையின் மூலையில் ஒரு மணற்கடிகாரம் வடிந்துகொண்டே இருக்கும். வடிந்து முடிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அருவிக்குப் பின்னால் சிறைப்பட்டிருக்கும் அரசியை மீட்டால் முடிந்தது.

புதன்கிழமை, மாலை 6:40, நல்ல சாரல். இருபத்தாறாவது நிமிடத்தில் அருவிக்கு வந்துவிட்டேன். பாறைமேல் ஒரு எல்ஃப் பெண் உட்கார்ந்திருந்தாள். "தண்ணீரிடம் உன்னை ஒப்படை" என்றாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. சுள்ளியும் சருகும் வந்தன. அருவியின் சத்தம் கனத்தது.

தென்காசிக்காரன் எவனுக்கும் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் நிறம் மாறினால், சோப்பு எங்கே, செருப்பு எங்கே என்று பார்க்காமல் மேலே ஏற வேண்டும். நாயகனை மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, வெள்ளம் வடியட்டும் என்று காத்திருந்தேன். பதினான்கு நிமிடம் அவன் மேட்டில் நின்றான். மணல் வடிந்தது. வெள்ளம் வடியவில்லை.

வியாழக்கிழமை மறுபடி அருவி வரைக்கும் வந்தபோது, கீழ்வீட்டு அண்ணாச்சி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். வீட்டுக்காரர், பேரருவிக்குப் பக்கத்தில் துண்டும் எண்ணெயும் விற்கும் கடை வைத்திருப்பவர்.

"ஏம்வே, டேங்கு நிரம்பி ஓடுதா? கீழ வரைக்கும் சத்தம் கேக்குது."

"இல்ல அண்ணாச்சி, கேமு. அருவி."

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எந்த அருவி இது? ஐந்தருவி மாதிரியும் இல்ல, புலியருவி மாதிரியும் இல்ல."

"கற்பனை அருவி அண்ணாச்சி."

"கற்பனைன்னாலும் தண்ணி நல்லா விழுது. ஒரு கூட்டத்தையும் காணும். ஒரு பய எண்ணெ தேய்க்கல. வெளங்குமா இந்த ஊரு?"

அப்போது தண்ணீர் நிறம் மாறியது. நாற்காலி பின்னால் சாய, அண்ணாச்சி எழுந்தே விட்டார்.

"ஏறும்வே மேல! செம்மண்ணுத் தண்ணி வருது!"

"ஏறிட்டேன் அண்ணாச்சி."

"துண்ட விட்டுட்டு ஏறும்!"

"அவனுக்குத் துண்டே கெடையாது."

மேட்டில் நின்றோம். நான், அண்ணாச்சி, நாயகன், மூவரும்.

"எவ்வளவு நேரம் ஆகும் அண்ணாச்சி?"

"மேல மலையில மழை விடணும்லா. ரெண்டு மணி நேரம்னாலும் ஆகும். போலீஸ்காரன் விசில் ஊதாம எறங்கப்பிடாது, பாத்துக்கிடும்."

நான் திரையைச் சுற்றிலும் திருப்பிப் போலீஸ்காரரைத் தேடினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு எறங்குன்னுதான சொல்லுதா?"

"அவ வெளியூர்க்காரி. அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் அண்ணாச்சி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை அருவியைச் சுற்றி மாற்றுப்பாதை தேடினேன், இல்லை. சனிக்கிழமை பாதி ஆட்டத்தில் கரண்ட் போனது; என் லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல காலம். அன்றைக்கு நிஜப் பேரருவியிலும் வெள்ளம் வந்து குளிக்கத் தடை. அண்ணாச்சி கடையில் ஒரு துண்டு விற்கவில்லை. "அங்கனயும் நிக்காங்க, இங்கனயும் நிக்கான்" என்று என் நாயகனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிறு, மாலை 5:50. மிஞ்சியிருந்தது ஒரே ஆட்டம். ஏழு மணிக்கு எடுத்துவிடுவார்கள். நோட்டில் அறுபத்திரண்டாவது வரியின் கடைசிக் கட்டம் நான்கு நாளாகக் காலியாக இருந்தது. பல் விழுந்த இடம்போல நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது. அருவி வந்தது. வெள்ளம் வந்தது. மேட்டில் ஏறினேன். பக்கத்தில் அண்ணாச்சி, கையில் காப்பியோடு.

"இன்னும் எத்தன நிமிசம்?" என்று மனைவி கேட்டாள்.

"பதினொண்ணு."

"கொண்டாங்க இங்கன."

அவளுடைய ஊர் திருவேங்கடம். கரிசல் காடு. மேகம் வரும், பார்க்கும், போய்விடும். அந்த ஊரில் தண்ணீர் வருகிறது என்றால் எல்லோரும் அதை நோக்கி ஓடுவார்கள். எங்கள் ஊரில் அதற்கு எதிர்த்திசையில். கல்யாணமான வருடச் சீசனில் அவளைப் பழைய குற்றாலம் அருவிக்குக் கூட்டிப் போய், தண்ணீரிலிருந்து வெளியே அழைத்து வர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. அதற்கும் குறிப்பு இருக்கிறது.

நாயகனை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலரை அவள் தொடுவது அதுவே முதல்முறை. நாயகன் மூன்று தடவை தன்னைத்தானே சுற்றினான். வாளை உருவி எல்ஃப் பெண்ணை ஒரு போடு போட்டான். அவள் கோபப்படவில்லை, வெளியூர்க்காரி என்றாலும் நல்ல மாதிரி. பிறகு மேட்டிலிருந்து இறங்கி நேராக வெள்ளத்தைப் பார்த்து நடந்தான்.

"ஏம்மா! வேண்டாம்மா! ஏவே, அவ எறங்குதா, நீரு பாத்துக்கிட்டு இருக்கீரு!" அண்ணாச்சியின் காப்பி தரையில் கொட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது, வெள்ளம் நாயகனைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, அருவிக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு குகையின் வாசலில் இறக்கி வைத்திருந்தது. உள்ளே அரசி. பக்கத்தில், வழக்கம்போல, ஒரு பெட்டி. "விளையாடியதற்கு நன்றி" என்று திரை சொன்னது. நேரம் 6:22. மணற்கடிகாரத்தில் எட்டு நிமிட மணல் மிச்சம்.

அண்ணாச்சிக்கு ஆறவில்லை. "இது ஒரு அருவியாவே? வெள்ளம் வந்தா பத்திரமா கொண்டு போயி விடுதாம்! இதப் பாத்துட்டு நம்ம ஊருல ஒரு பய எறங்குனா யாரு பதில் சொல்ல?"

"ஏழு மணிக்கு எடுத்துருவாங்க அண்ணாச்சி."

"எடுக்கட்டும். மொதல்ல எடுக்கட்டும்."

நான் நோட்டை எடுத்து "முடிந்தது" என்று எழுதினேன். மனைவி தோளுக்கு மேலே நின்று படித்தாள்.

"யாரு முடிச்சான்னு போடலையே?"

"அதுக்குக் கட்டம் இல்ல."

"கட்டம் போடுங்க."

ஸ்கேலை எடுத்துப் பதினொரு பக்கத்துக்கும் கோடு கிழித்து, "முடித்தவர்" என்று தலைப்பிட்டு, முதல் வரியிலிருந்து "நான்", "நான்" என்று எழுதிக்கொண்டே வந்தேன். அறுபத்தொரு தடவை எழுத வேண்டிய வேலை. முப்பத்தெட்டில் அவள் விரலை வைத்தாள்.

"இதுல அந்த ஒடஞ்ச பாலத்துக்குக் கீழ வழி இருக்குன்னு சொன்னது யாரு?"

குறிப்பைப் பார்த்தேன். "பங்குனி, புதன். பாலத்தடியில் வழி கிடைத்தது" என்றுதான் இருந்தது. யாருக்குக் கிடைத்தது என்று இல்லை. யோசித்துப் பார்த்ததில் நினைவு வந்தது. அந்த வரியில் "நாங்கள்" என்று எழுதினேன். அதன்பின் மற்றவற்றையும் அவள் ஒவ்வொன்றாக விசாரித்தாள். மொத்தம் ஆறு "நாங்கள்". அறுபத்திரண்டில் மட்டும் "மனைவி, திருவேங்கடம்".

அபிப்பிராயத்தை அவளே சொல்ல, நான் எழுதினேன்: "ஆனி, ஞாயிறு. சாரல் உண்டு. தண்ணி வந்தா எறங்கணும்."

அண்ணாச்சி அதைப் படித்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கினார். அந்த நோட்டில் என் கையெழுத்தில் இல்லாத ஒரே வரி அதற்குக் கீழே இருக்கிறது: "கேமில் மட்டும்."