முகம் இல்லாத படம்

எனக்குப் பத்து வயது நடந்த அந்தத் தை மாதத்தில் எங்கள் வீட்டில் வெள்ளையாக இருந்த பொருள் எதுவும் வெள்ளையாக நீடிக்கவில்லை. தலையணை உறை, சுவர், அப்பா கோயிலுக்குக் கட்டும் வேட்டி, பூனை என்று எல்லாவற்றிலும் கரி விரல்கள் பதிந்திருந்தன. காரணம் சித்தி. அம்மாவின் கடைசித் தங்கை. கும்பகோணத்தில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளை படம் போடப் படிப்பதா என்று உறவில் பாதிப் பேர் கேட்டு முடித்து, மீதிப் பேர் கேட்கத் தொடங்கியிருந்த சமயம். விடுதியில் யாருக்கோ அம்மை போட்டிருந்ததால் ஒரு மாதம் மூடிவிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிய தாள்கள், அவளுடைய வாத்தியார் சிவப்பு மையில் எழுதிக்கொடுத்த ஒரு வரி ஆகியவற்றோடு சித்தி கீழ்வேளூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். அந்த வரியை அவளே எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்: 'எல்லாம் ஜவுளிக்கடை பொம்மை. ஐம்பது புதிய உருவங்களுடன் வரவும்.'

எங்கள் ஊர் அங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். அவர் தலைமை தாங்குவதற்கு இருந்தது ஒரே ஒரு டீச்சர்தான். பள்ளிக்கூடமும் அதை ஒட்டி நாங்கள் குடியிருந்த வீடும் நின்ற மனை ஊர்ப் பெரிய பண்ணைக்குச் சொந்தம். எந்தக் காலத்திலோ வாய்ச்சொல்லில் கொடுத்த மனை. அது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் அப்பாவுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி நொச்சிக் குச்சிகளைத் தோல் சீவி, பால்மாவு டப்பாவில் நெருக்கி அடைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உமி நெருப்புக்குள் புதைத்து வைப்பாள். ஆறின பிறகு திறந்தால் கறுகறுவென்று கரிக்குச்சிகள் இருக்கும். அழிப்பதற்கு டீக்கடை பன். உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியைப் பிய்த்து உருட்டித் தாளில் ஒற்றினால் கரி ஏறிவரும். அழித்தது போக மீதி பன் எனக்கு.

அந்த பன்னுக்காகத்தான் நான் நிற்கச் சம்மதித்தேன். இடுப்பில் குடத்தோடு பத்து நிமிஷம் அசையாமல் நிற்கவேண்டும். என்னால் இரண்டு நிமிஷம்கூட முடியவில்லை. கொசுக்கடி அரித்தது, பூனை கூப்பிட்டது, குடம் நழுவியது. சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஆத்திரத்தோடு, நான் அசைவதற்குள் பிடித்துவிடும் வேகத்தில் நாலைந்து கோடுகளை இழுத்தாள். இழுத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனால் குடத்தை எப்போது கீழே போடலாம் என்று காத்திருக்கும் ஒரு சிறுமி இருந்தாள்.

"அக்கா, இங்க வாயேன்!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள். "மூஞ்சியப் போட்டுப் போட்டுத்தான் நான் கெட்டுப்போயிருக்கேன். எந்தக் கால்ல நிக்கிறா, எங்க கனம் இறங்குதுன்னு பார்த்தாப் போதும்!"

அது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. எனக்கு யாரும் எதுவும் கற்றுத்தரவில்லை. அவள் உடைத்துப் போட்ட துண்டுக் கரிகளைப் பொறுக்கி, அப்பா திருத்தி முடித்த பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் நானும் கனம் இறங்குவதைத் தேடத் தொடங்கினேன். ஊதாங்குழலோடு குனிந்திருந்த அம்மாவைப் போட்டேன். அம்மா வெகுநேரம் பார்த்தாள். "என் முதுகு இப்படியா கூனியிருக்கு?" என்று கேட்டாள். அன்று முழுவதும் நிமிர்ந்தே நடந்தாள்.

அது அறுவடைச் சமயம். ஆட்சி மாறிச் சில காலம்தான் ஆகியிருந்தது. அலுவலகப் பலகைகளில் 'ஸ்ரீ' போய்த் 'திரு' வந்திருந்தது. கூலி நெல்லைக் கூட்டித் தரும்வரை அரிவாள் எடுக்கமாட்டோம் என்று எங்கள் ஊர் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பண்ணை வெளியூரிலிருந்து ஆள் இறக்கப்போகிறது என்று பேச்சாக இருந்தது. உட்காரச் சொன்னவர்களில் முக்கியமானவர் எங்கள் கூரைக்காரர். பண்ணையாள். வருடா வருடம் பள்ளிக்கூடத்துக்குக் கீற்று மாற்றித் தருவார் என்பதால் எனக்குக் கூரைக்காரர். ஊருக்குச் சங்கத்துக்காரர்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கலெக்டருக்கு மனு எழுத வேண்டும். சித்தி தாள் வாங்க நாகப்பட்டினம் போயிருந்தாள். கூரைக்காரர் வாசற்படியருகே நின்றார்.

"உள்ள வாங்க. நாற்காலியில உக்காருங்க" என்றார் அப்பா.

"இருக்கட்டுங்கய்யா. இப்படியே சொல்றேன்."

"நீங்க நின்னா எனக்கு எழுத வராது."

அவர் உட்கார்ந்தார். நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். முதுகு சாய்மானத்தில் படவில்லை. தலையில் கட்டுச் சுமந்து சுமந்து கழுத்து தோளுக்குள் இறங்கியிருந்தது. இடது தோள் வலதைவிடத் தாழ்ந்திருந்தது. இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, எந்த நிமிஷமும் எழுந்துவிடப் போகிறவர் மாதிரி இருந்தார். அவர் சொல்லச் சொல்ல அப்பா எழுதினார். நான் உள்கதவின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து வரைந்தேன். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வெயில் தாழும்வரை இருந்தார். நல்ல தாளில் நகல் எடுத்துத் தருகிறேன் என்று மனுவை அப்பா மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

அதே மத்தியானம் ஊரின் மறுபக்கத்தில் வெளியூர் ஆட்கள் வயலில் இறங்கினார்கள். தள்ளுமுள்ளு ஆனது. ஒருவருடைய மண்டை உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து நாங்கள் கோயிலிலிருந்து திரும்பும்போது, முன்னால் நின்று அடித்தவர் கூரைக்காரர்தான் என்று சொல்லிப் போலீஸ் அவரைக் கொண்டுபோயிருந்தது.

திங்கட்கிழமை மாலை எங்கள் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார். கூடவே பண்ணைக் காரியஸ்தரும் இறங்கினார். எப்போதும்போல என் கன்னத்தைத் தட்டினார்.

"சார், ஒரு சின்ன விசாரணை" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "சனிக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுல மனு எழுதிக்கிட்டிருந்தேன், வயலுக்கே போகலைங்கிறான் அந்த ஆளு. உண்மைதானா?"

அப்பா பதில் சொல்வதற்குள் காரியஸ்தர் மெதுவாகப் பேசினார். "பெரியவங்க நேத்துகூட உங்களப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்க சார். பள்ளிக்கூடத்து மனைய முறையா எழுதிக் குடுத்துடலாம்னு சொன்னாங்க. எத்தனை நாளைக்கு வாய்ப்பேச்சாவே இருக்கிறது?"

அப்பா தன் கைகளைப் பார்த்தார். உள்ளே அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"வரலைங்க" என்றார் அப்பா.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவுக்கு மறதியே கிடையாது. உதவலாம் என்று உள்ளே ஓடிப் படத்தை எடுத்துவந்தேன். "வந்தாங்களேப்பா! நான்கூட வரைஞ்சேனே, இங்க பாருங்க!"

சப்-இன்ஸ்பெக்டர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். காரியஸ்தரும் எட்டிப் பார்த்தார். அந்த முதுகு பண்ணை வயலில் முப்பது வருஷம் குனிந்த முதுகு. பார்த்த உடனே தன் பார்வையை அவர் வேறுபக்கம் திருப்பிக்கொண்டதை நான் கவனித்தேன். கவனித்தேனே தவிர, வேறொன்றும் எனக்குப் புரியவில்லை.

"இது யாரு சார்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். "முகமே இல்லையே. யாரா வேணாலும் இருக்கலாம். சின்னப் புள்ள கிறுக்கல்."

"அவங்க மாதிரி இல்லையாப்பா?"

"இல்லம்மா. அவர் மாதிரி இல்ல."

ஜீப் போய்விட்டது. நான் துணிமூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். கூரைக்காரருக்காக அழவில்லை. படம் நன்றாக வரவில்லை என்று, அதுவும் ஒரு போலீஸ்காரர் முன்னால், அப்பா சொல்லிவிட்டாரே என்று அழுதேன்.

வெளியே படம் போடப் போயிருந்து, ஜீப் போன பிறகு திரும்பிய சித்திதான் என்னைத் தேடிப் பிடித்தாள். கசங்கிய தாளை நீவி விரித்தாள். "யாருடி போட்டது? அவரேதாண்டி இது!"

"அப்பா இல்லங்கிறாங்க."

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா நடந்ததை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். சித்தி எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். பிறகு ஒரு புதுத் தாளையும் ஒரு முழுக் கரிக்குச்சியையும் என் மடியில் வைத்தாள். "இன்னொண்ணு போடு. போட்டு அப்பாகிட்டயே காட்டு. எங்க தப்புன்னு அவங்களையே கேளு" என்றாள். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று பின்னாளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சிரித்து மழுப்பிவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டாவது படத்தை அப்பாவின் மேசைமேல் வைத்தேன். "இப்ப அவங்க மாதிரி இருக்காப்பா?" அப்பா வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். தோளின் சரிவு போதவில்லை என்று எனக்குப் பட்டது. மூன்றாவது போட்டேன். அதில் கரிக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்துக் கழுத்துக்குக் கனம் கொடுத்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காட்டினேன். பாதியில் கை கழுவிவிட்டார்.

புதன்கிழமை நாலாவது. கைகளை மட்டும் ஏழெட்டு முறை பன்னால் அழித்து அழித்துப் போட்டேன். முழங்கால்களுக்கு நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் கைகள். அந்த மாதம் சித்தி போட்ட ஐம்பதில்கூட அப்படி ஒரு ஜோடிக் கைகள் இல்லை என்று அவளே சொன்னாள்.

"கை சரியா இருக்காப்பா?" என்று கேட்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா இப்படிப் படுத்துற?" என்றார். குரலில் கோபம் இல்லை.

"நீங்கதானே அவங்க மாதிரி இல்லன்னீங்க? சரியா வர்ற வரைக்கும் போடுவேன்."

வியாழக்கிழமை காலை அப்பா பள்ளிக்கூடத்தை டீச்சரிடம் ஒப்படைத்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மேசை இழுப்பறையிலிருந்து மனுவை எடுத்தார். நாலாவது படத்தையும் மடித்து மனுவோடு சேர்த்துப் பையில் வைத்தார். அம்மா வாசல்வரை வந்தாள். "என்னங்க, யோசிச்சுட்டீங்களா?" என்றாள். "மூணு நாளா வேற என்ன வேலை எனக்கு?" என்று சொல்லிவிட்டுக் கீழ்வேளூர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சைக்கிளை மிதித்தார். அம்மா அவரைத் தடுக்கவில்லை. என் படத்தைக் காட்டத்தான் போகிறார் என்று நான் பூனையிடம் சொல்லிவைத்தேன்.

கூரைக்காரர் சில வாரங்களில் வெளியே வந்தார். வழக்கு அவர்மேல் நிற்கவில்லை. பண்ணை மனையைத் திருப்பிக் கேட்டது. பள்ளிக்கூடம் பண்ணையாட்கள் குடியிருந்த தெருவுக்குப் போய், அவர்களே போட்டுக்கொடுத்த கொட்டகையில் நடந்தது. சண்டையை வளர்க்க விரும்பாத மிஷன், கோடை விடுமுறை முடிந்ததும் அப்பாவை மன்னார்குடிக்கு மாற்றியது. அங்கே அவர் தலைமையாசிரியர் அல்ல, பத்து வாத்தியார்களில் ஒருவர். இதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசியதில்லை. பெரிய குளம் உள்ள ஊருக்குப் போகிறோம் என்று நான் குதித்துக்கொண்டு போனேன்.

அந்த வியாழக்கிழமை அப்பா திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. சட்டையெல்லாம் வேர்வை. அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை எனக்குப் பொறுமை இல்லை.

"படத்தப் பார்த்தாங்களாப்பா? என்ன சொன்னாங்க?"

"அவர்தான்னு நான் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

"அப்ப நீங்க மொதல்ல சொன்னது தப்புத்தானே?"

"ஆமாம்மா" என்றார் அப்பா. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "நான் சொன்னது தப்புத்தான்."

பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் குத்திக்காட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, மிகுந்த பெருந்தன்மையோடு சொன்னேன்:

"பரவாயில்லப்பா. முகம் இல்லாம அடையாளம் கண்டுபிடிக்கிறது எல்லாருக்கும் கஷ்டம்தான்."