உப்புத் தண்ணீருக்கும் நல்ல தண்ணீருக்கும் ஒரே குழாய்

எங்கள் பாரிவாக்கம் வீட்டுச் சமையலறையில் இரண்டு குழாய்கள் இருந்தன. இடது பக்கம் போர் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும். பாத்திரம் கழுவ மட்டும். வலது பக்கம் நல்ல தண்ணீர். லாரியில் வந்து, கீழே தொட்டியில் இறங்கி, மொட்டை மாடிக்கு ஏறி, அங்கிருந்து என் அடுப்புக்கு வருவது. அந்த நல்ல தண்ணீர்க் குழாய்தான் ஒழுக ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாக அது வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன ஜமீன் பரம்பரையா? குழாயை மாற்றச் சொன்னேன். ஒரே ஒரு குழாயைத்தான் மாற்றச் சொன்னேன்.

என் கணவருக்கு எதையும் சும்மா வாங்கத் தெரியாது. அம்பத்தூரில் பிறந்து வளர்ந்து, அங்கேயே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். துடைப்பம் வாங்குவதென்றாலும் ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதிய அபிப்பிராயங்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் வாங்குவார். இந்த முறை அவருடைய வேகத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. என் அப்பா வரப்போகிறார்.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு பம்பு செட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் பிடிவாதமாக நின்றபோது, கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், சாப்பிடாமல் போய்விட்டார். அதன் பிறகு போனில் என்னோடு பேசுவார், இவரோடு பேசமாட்டார். ஒரு தடவைகூட இவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை, எங்கள் வீட்டுப் படியை மிதித்ததும் இல்லை. இப்போது ஆவடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்.

"போற வழியில ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன் அம்மணி. ஒரு மணி நேரந்தான். சோறெல்லாம் ஆக்காத. காப்பி போதும்" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர் மனம் இளக வேண்டும் என்று எனக்கு ஆசை. கணவருக்கு என்னைவிட அதிக ஆசை. பம்பு செட் மனிதரைக் குழாயைக் காட்டித்தான் மடக்க முடியும் என்று எந்த மகான் இவருக்கு உபதேசம் செய்தாரோ தெரியவில்லை. இரண்டு குழாயையும் எடுத்துவிட்டு மிக்ஸர் குழாய் ஒன்று போடுவதாக முடிவு செய்துவிட்டார்.

பூந்தமல்லிக் கடையில் இருந்த பாய் நல்ல மனிதர். முதலிலேயே கேட்டார்.

"கிச்சன்ல கீசர் கீதா சார்?"

"இல்லியே பாய்."

"அப்ப மிக்ஸர் இன்னாத்துக்கு? சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் கலக்குறதுக்குத்தான சார் அது?"

"எங்க ஊட்ல ரெண்டு லைன் கீது பாய். சுடுதண்ணி எடத்துல உப்புத்தண்ணி."

வாங்க வந்தவனுக்கெல்லாம் புத்தி சொல்லி அனுப்பினால் கடை நடக்குமா? பாய் கொக்குக் கழுத்து மாதிரி வளைந்த ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

பக்கத்தில் நின்ற நான் மட்டும் விடாமல் கேட்டேன். "ஏங்க, ரெண்டும் கலந்துடக் கூடாதுன்னுதானே ரெண்டு பைப்பு போட்டிருக்காங்க?"

"யாரு கலக்கச் சொன்னது? கைப்பிடிய லெஃப்ட்ல திருப்பினா உப்பு, ரைட்ல திருப்பினா நல்ல தண்ணி. நடுவுல வைக்காத, அவ்ளோதான் மேட்டரு" என்றார்.

மாட்ட வந்த பிளம்பருக்கும் சந்தேகம் எதுவும் எழவில்லை. "செவுத்துல ரெண்டு பைப்பு கீது, டேப்புக்கும் ரெண்டு காலு கீது. இன்னாக்கா வேணும் இதுக்கு மேல?" என்று பொருத்திவிட்டுப் போய்விட்டார்.

வினை மறுநாளே தொடங்கியது. அவசரத்தில் கைப்பிடியைத் தூக்கினால் அது நடுவில்தான் வந்து நிற்கும். காலை நேரத்தில் அவசரமில்லாத சமையல் ஏது? குக்கர் எத்தனை விசில் அடித்தும் துவரம்பருப்பு கூழாங்கல்லாகக் கிடந்தது. ரசத்துக்கு நான் உப்பே போடவில்லை, ஆனாலும் கரித்தது. நல்ல தண்ணீர்ப் பக்கத்துக்கு அடையாளமாக என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் குழாயில் ஒட்டினேன். அது ஈரத்தில் நழுவிப் போய், வைத்த பாத்திரத்தில் விழுந்தது. குழாயை இன்றைக்கே கழற்றியாக வேண்டும் என்று கத்தினேன்.

"உங்க அப்பா ஒருவாட்டி பாத்துடட்டும். அப்புறம் நீ சொல்றபடி செய்யலாம்" என்றார். கொஞ்சம் கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். அந்த முகத்தைப் பார்த்தால் கோபம் எங்கே நிற்கிறது? விட்டுவிட்டேன்.

அப்பா வந்தார். எந்த நேரமும் எழுந்து போகத் தயாராக நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எதிரே நின்ற கணவரைப் பார்க்காமல் என்னிடம், "அவருக்கு இன்னிக்கு லீவாமா?" என்று கேட்டார்.

"லீவு போட்டுட்டேன் மாமா" என்றார் கணவர்.

"லீவு போட்டுட்டாராட்ட இருக்குது" என்று அப்பா என்னிடமே சொன்னார். நானும் அதை அப்போதுதான் கேட்பவள் போலத் தலையாட்டினேன்.

கணவர் தைரியத்தை எல்லாம் திரட்டி, "புதுசா ஒரு டேப் போட்டிருக்கு மாமா, பாக்கறீங்களா?" என்றார். அப்பா எழுந்தே விட்டார். சமையலறைக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாயைக் குனிந்து பார்த்தார். கைப்பிடியைத் தூக்கினார், இறக்கினார், இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். இவர் பக்கத்தில் நின்று இடது, வலது என்று ஓயாமல் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பாவிடமிருந்து வந்தது ஒரு "ம்" மட்டும். திரும்பப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா வந்திருக்கிற பரபரப்பில் நான் எதையும் கவனிக்கவில்லை. தண்ணீர் பிடித்தேன், கொதிக்க வைத்தேன், டிகாக்‌ஷன் இறக்கினேன். நுரை பொங்க ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கல்யாண வீடுகளில் காபி சரியில்லை என்று சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரிக்கிற மனிதர் அவர். ஒரு வாய் குடித்தார். புருவம் கொஞ்சம் ஏறி இறங்கியது. பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடு என் டம்ளரில் வாய் வைத்தேன். கரித்தது.

"அப்பா, உப்புங்கப்பா இது. எப்படிங்கப்பா குடிச்சீங்க?"

"குடிச்சுட்டனே கண்ணு" என்றார்.

இத்தனை வருஷம் காத்திருந்து, வந்த அப்பாவுக்கு உப்புத் தண்ணீரைக் கொடுத்து அனுப்புகிறோமே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கல்யாணத்துக்குப் பின் முதல் முறையாக என் கணவரை நேராகப் பார்த்தார்.

"கைப்பிடிய நாந்தானுங்க நடுவுல உட்டுப்போட்டு வந்துட்டேன். நீங்க படிச்சுப் படிச்சுத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் காதுல ஏறல."

"பரவால்ல மாமா."

"என்னத்தைங்க பரவால்ல? இந்தக் கொழாய வெச்சுக்கிட்டு என்ற புள்ள எப்படிக் குடும்பம் பண்ணுவா? கடை எங்க இருக்குது?"

"பூந்தமல்லில மாமா."

முகூர்த்தத்துக்கு நேரமாகிறதே என்று நான் நினைவுபடுத்தினேன்.

"தாலிய மாப்பிள்ளப் பையன் கட்டிக்குவான். நான் போயா கட்டோணும்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டவர், வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "வண்டிய எடுங்க மாப்பிள்ளை."

கணவர் அப்படியே நின்றார். நான் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது.

பால்கனியிலிருந்து பார்த்தேன். அப்பா பின்னால் உட்கார்ந்து இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளத்தில் வண்டி குதித்தபோது இன்னும் இறுக்கிப் பிடித்தார். கையிலிருந்த உப்புக் காபியை நான் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன்.