வெட்கப்பட ஒரு மரம், சந்தோஷப்பட ஒரு மரம்

பக்கத்து வீட்டு அக்கா ரப்பர் பால் வெட்டும் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தன் மரங்களை நோக்கி நடந்துபோன அந்தக் காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. "எப்படிக்கா வெட்டுறது?" என்று பின்னாலிருந்து கத்தினேன். "வெட்டித்தான் பாரேன் லா" என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெஞ்சிக் கூத்தாடிக் கற்றுக்கொடுக்க ஒருத்தியைப் பிடித்தால், அவள் பாட்டுக்குப் போகிறாளே!

என் அவசரம் எனக்கு. பாடாங் செராயில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, பீடோங் பக்கத்துத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். ரப்பர் மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. என் கணவர் நெஞ்சு நோவு முற்றி டவுன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். வேலைக்குப் போக ஆளில்லாத குடும்பத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இடம் கிடையாது. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கறாராகச் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசிக்குள்ள நீ மரத்துல பால் வெட்டக் கத்துக்கணும். இல்லன்னா வீட்டக் காலி பண்ணிரு." பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம்தான். ஆனால் என் கணவர் பிழைத்து வந்தால் எந்த வாசலுக்கு வருவார்?

சாய்க்கப்போகும் கிழட்டு மரங்களில்தான் புதியவர்கள் கை பழகுவார்கள். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது, ஆழமாகப் போனால் மரம் காயப்படும். முதல் நாள் நான் மரங்களைக் கொத்திக் குதறிப் போட்டேன். பால், வெட்டிய கோட்டில் இறங்காமல் பட்டையெங்கும் வழிந்தது. தன் வேலை முடிந்து வந்த அக்கா ஒன்றுதான் கேட்டாள்: "எந்த மரத்தப் பாத்தா ஒனக்கு வெக்கமா இருக்கு? எதப் பாத்தா சந்தோசமா இருக்கு?"

"எதப் பாத்தாலும் வெக்கம்தான்" என்றேன் எரிச்சலாக.

அக்கா விடவில்லை. சந்தோஷப்பட ஒரு மரத்தைக் காட்டும்வரை நகரவே இல்லை. வேண்டாவெறுப்பாகத் தேடியபோதுதான், ஓரிடத்தில் விரலகலத்துக்குக் கோடு சீராக இறங்கியிருந்ததைப் பார்த்தேன். அங்கே மட்டும் கையை எப்படி வைத்திருந்தேன் என்று யோசித்தேன். மறுநாள் அதையே செய்து பார்த்தேன். தினமும் அதே கேள்விதான். சில நாள் என் கண்ணைப் பொத்தி, அவள் வெட்டிய கோட்டிலும் என் கோட்டிலும் என் கட்டைவிரலை ஓடவிடுவாள். சரி, தப்பு என்று ஒரு சொல் சொல்லமாட்டாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவளுக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் மலைப்புத்தான்.

மாசக் கடைசியில் மண்டோர் வந்தார். அன்று பார்த்து அக்காவுக்கு வேறு பக்கம் வேலை. முதல் மரம் நன்றாக வந்தது. அடுத்ததில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. அவர் வாய் திறக்குமுன் நானே காட்டினேன். "இந்த எடத்துல காயம் பட்டுருச்சுங்க. வளைவுல மணிக்கட்டத் தூக்க மறந்துட்டேன். மறுபடி வெட்டுறேன், பாருங்க."

மூன்றாவது மரத்தில் பால் கோட்டோடு ஒழுங்காக இறங்கிக் கிண்ணத்தில் சொட்டியது. மண்டோர் குனிந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "தப்பு எங்கன்னு ஒனக்கே தெரியுதே, அப்புறம் என்ன? நாளைக்குப் பெரட்டுல வந்து பேர் குடு" என்றார். விடியுமுன் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்தப் பெரட்டில் என் பெயரும் சேர்ந்தது. அன்று நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல.

கணவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த அன்று, அக்காதான் அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தேன். உள்ளே அடுப்பு புகைவதைப் பார்த்து அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வீட்ட இன்னும் எடுக்காமயா விட்டு வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"அவங்க எங்க விட்டாங்க?" என்றாள் அக்கா. "ஒம் பொண்டாட்டிதான் விடல, தம்பி."