ஆற்றுக்கு மதிப்பு சைபர்

பதில் சொல்பவரைவிடக் கேள்வி கேட்பவனுக்கே அதிகம் வியர்க்கும் தொழில் எங்களுடையது. படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய சகபாடிகளே, உங்களுக்குத் தெரியாததா! எண்பதுகளில் நான் பினாங்கில் விவசாயப் பொருளாதார ஆய்வு உதவியாளன். அடுத்த ஐந்து வருடம் எதையெல்லாம் ஆராய்வது என்று பட்டியல் போடுவதற்காக, மக்களிடம் கேட்டு வர அனுப்பினார்கள். அதில் ஏறாததை ஐந்து வருடத்துக்கு எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

விடுபட்ட ஆட்கள்

பாலிக் புலாவில் டுரியான் பழத்தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ராக்கம்மா அக்காவிடம், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை வெள்ளி கூலி என்று கேட்டு எழுதி, வாசித்தும் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார்.

"நைட் ஷிப்ட்ட விட்டுட்டியே தம்பி! டுரியான் பூவுக்கெல்லாம் வௌவாலுதானே வேல பாக்குது? அது வராட்டி காயே புடிக்காது லா. அதுக்கு யாரு கூலி குடுக்குறா, அதையும் எழுது!"

எத்தனை வெள்ளி?

பட்டவொர்த் பக்கம் ஆற்றோரத்தில் மாடு வளர்த்துப் பால் விற்றவர் பெருமாள் அண்ணன். ஆற்றில் கழிவு கலந்ததிலிருந்து மாடுகள் அதில் வாய் வைப்பதில்லை. வாளி வாளியாகக் குழாய்த் தண்ணீர் சுமந்து மாளாமல் இரண்டு மாட்டை விற்றும்விட்டார். ஆனாலும் படிவத்தில் இருப்பதைத்தானே கேட்க வேண்டும்? "ஆறு சுத்தமா இருக்க மாசம் எத்தன வெள்ளி குடுப்பீங்கண்ணே?"

வாளியைத் தொப்பென்று வைத்தார். "நானா அழுக்காக்குனேன்? ஆக்குனவன்கிட்ட போயி எத்தன வெள்ளி குடுப்பேன்னு கேளு லா!"

காலிக் கட்டம்

ஆற்றோரத்தில் எல்லோரும் அதையே சொன்னதால், தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டு, ராக்கம்மா அக்காவின் வௌவாலை எழுதியதுபோலவே அவர்கள் பேச்சையும் பின்பக்கம் எழுதினேன். கெப்பாலா பத்தாஸ் அலுவலகத்தில் கணினியில் பதிந்த சரோஜா, காலிக் கட்டம் சைபர் என்றுதான் ஏறும் என்றாள். மக்கள் தருவதாகச் சொல்லும் தொகைதான் எங்கள் கணக்கில் ஆற்றின் மதிப்பு; சைபர் என்றால் மதிப்பே இல்லை, பட்டியலிலும் இடமில்லை. பெருமாள் அண்ணன் மிச்ச மாடுகளையும் விற்க வேண்டியதுதான்.

விடுவேனா? படிவக் கட்டோடு மேலதிகாரி அறைக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் மசியாதவர். சைபர் என்று பதிந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். முறைத்தார். பிறகு பின்பக்கங்களை ஒன்று விடாமல் வாசித்தார்.

"பிழை சனத்தில இல்லைத் தம்பி, எங்கட கேள்வியில. அழுக்காக்கினவன் எவ்வளவு குடுக்கவேணும் எண்டுதான் ஆராயவேணும். ஆத்தை முதலாவதாப் போடும், வௌவால் ரெண்டாவது."

பதில் சொல்ல வேண்டியவர்களே கேள்வியையும் திருத்திக் கொடுத்தார்கள். ஆராய்ச்சி செய்ததாகச் சம்பளம் வாங்கியவன் நான் மட்டும்தான்.