அம்மா மோர் குடித்த டம்ளர்

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த என் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊதா விளக்கோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் பூனைக்குக் காதோரம் முடி கொட்டியிருந்தது. படர்தாமரையாக இருந்தால் இந்த வெளிச்சத்தில் பச்சையாகத் தெரியும் என்று சொல்லி, சமையலறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தினார். பூனை என் கையைப் பிறாண்டிவிட்டு அடுப்புக்குப் பின்னால் ஓடியது. மாமா விளக்கோடு திரும்பினார். அலமாரியில் இருந்த அம்மாவின் கண்ணாடி டம்ளர் பளிச்சென்று ஒளிர்ந்தது.

பகலில் அது நாற்றங்கால் போல இளம்பச்சையாக இருக்கும். அம்மா மத்தியானம் அதில்தான் மோர் குடிப்பாள், நிதானமாக, உட்கார்ந்து. நான் கைதட்டிக் குதித்தேன். மாமா முகம் மாறிவிட்டது.

“அக்கா, இதுல யுரேனியம் இருக்கும்போல. அந்தக் காலத்துல நிறத்துக்காகச் சேர்ப்பாங்களாம்.”

யுரேனியம் என்றால் அப்பாவுக்கு அணுகுண்டுதான். டம்ளரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வாய்க்காலில் போடக் கிளம்பிவிட்டார். அப்பாவை ஒருநாளும் எதிர்த்துப் பேசியிராத அம்மா வாசலை மறித்து நின்றாள்.

“எங்கப்பா பினாங்குலேர்ந்து அனுப்பினதுங்க. அவரும் திரும்பி வரல. இதையும் தூக்கிப் போட்டுட்டா எங்களுக்கு என்ன இருக்கு? தம்பி அவர் முகத்தைக்கூடப் பாத்ததில்ல.”

அப்பா சாக்கைக் கீழே வைத்தார். மாமா தன் வாத்தியாரிடம் கேட்டு வரும்வரை டம்ளர் மாட்டுக்கொட்டகையில் இருந்தது. மாடுகளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மாமா தீர்ப்போடு வந்தார்.

“வச்சிருக்கலாம் அத்தான், பயமில்ல. கதிர்வீச்சு ரொம்பக் கொஞ்சம்தான். ஆனா இதுல குடிக்க வேணாம். மோர் மாதிரி புளிச்சதை ஊத்தினா துளி கரைஞ்சு வருமாம். உடைஞ்சா தூளை மட்டும் மூச்சுல இழுத்துடக் கூடாது.”

“இத்தனை வருஷமா குடிச்சேனேடா?”

“ஒண்ணும் ஆகாதுக்கா.”

அம்மா அதைக் கழுவித் துடைத்து பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். அதன்பின் எவர்சில்வர் டம்ளரில், நின்றபடியே, ஒரே மூச்சில் மோரைக் குடித்துவிட்டுப் போனாள்.

படிப்பு முடிந்து குத்தாலத்தில் வேலை கிடைத்ததும் மாமா சொந்தமாக ஓர் ஊதா விளக்கு வாங்கினார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைக் கொண்டுவருவார். சாப்பிட்டதும் என்னைக் கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, டம்ளரை எடுத்து வைத்து விளக்கைப் போடுவார். ஓயாமல் பேசுகிற மனிதர் அப்போது வாயே திறக்கமாட்டார். எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

“போதும் மாமா, விளையாடப் போறேன்.”

“இரு பாப்பா, இன்னும் கொஞ்ச நேரம்.”

எனக்கு வேடிக்கை காட்டத்தான் அவ்வளவு தூரம் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று நினைத்து, அவர் மனம் நோகக் கூடாதே என்று நானும் உட்கார்ந்திருந்தேன்.