தேவாலயத்தில் வாசித்த பெயர்

பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்றால் கல்லறைக் கல்லின் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அக்கா. டென்மார்க்கின் ஓகூஸ் நகருக்கு வெளியே ஒரு பழைய கருங்கல் தேவாலயத்தில் நானும், நான் அக்கா என்று கூப்பிடும் அவரும் துப்புரவு வேலை செய்த காலம் அது. கல்லறைகள் எங்கள் வேலையில் சேர்த்தியல்ல. அக்கா வெள்ளிக்கிழமை விரதம் தவறாத முருக பக்தை வேறு.

அந்த வரிசையில் கிடந்தவர்கள் ரஷ்யச் சிப்பாய்கள். முதலாம் உலகப் போரில் பிடிபட்டு, நோயாளிகளாக டென்மார்க்குக்கு வந்து, பக்கத்து முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, ஊர் திரும்பாமலே இறந்தவர்கள்.

"இவன் இஞ்சை கிடக்கிறான் எண்டு தாய்க்கு ஆரும் சொல்லியிருப்பினமோ?" என்று கேட்டார் அக்கா.

அவருடைய தம்பி வன்னியில், ஈழப் போரின் கடைசி நாள்களில் இராணுவத்திடம் சரணடைந்தவர். பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இதை அறிந்த அந்தத் தேவாலயத்துப் பாதிரியார் அம்மா, வழக்கம்போல் நவம்பர் முதல் ஞாயிறு ஆராதனையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது தம்பியின் பெயரையும் வாசிப்பதாகக் கனிவோடுதான் சொன்னார். அக்காவுக்கு டேனிஷ் போதாது. நான்தான் தமிழில் சொன்னேன்.

"அவன் செத்துப்போனான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியேறினார். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளையை என் வாயாலேயே கொன்றுவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் வந்து நின்றார். "பேரை வாசிக்கட்டும். செத்தவையோடை வேண்டாம் எண்டு சொல்லு."

நான் அதைப் பாதிரியாரிடம் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் சிப்பாய்களின் கல்லறைக்குப் போய் அங்கே வாசிப்போம் என்றார். தம்பியின் நீண்ட பெயரைச் சொல்லிப் பழகினார். அக்கா நாலு தரம் திருத்தினார். நாலாம் தரம் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஞாயிறன்று தூறல். பத்துப் பன்னிரண்டு டேனிஷ் முதியவர்கள் கல்லறைகளருகே குடைகளோடு நின்றார்கள். அந்தச் சிப்பாய்களுக்காகக் காத்திருந்த தாய்மாருக்காகப் பாதிரியார் செபித்தார். பிறகு, "இன்றும் ஒரு அக்கா காத்திருக்கிறார்" என்று சொல்லி, பெயரைத் தொடங்கிப் பாதியில் தடுமாறினார். மீதியை அக்கா உரத்துச் சொல்லி முடித்தார். பாதிரியாருக்குத் திருத்திய அந்த நாள் தவிர, அதுவரை 'தம்பி' என்பதல்லாமல் வேறு பெயர் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் தன் குடையை அக்காவின் தலைக்கு மேலே பிடித்தார்.

முழங்கால் வலியால் வேலையை விட்ட அக்கா, இப்போது தூரத்து ஹ்விடோவ்ரே நகரில் மகளோடு இருக்கிறார். இப்போதும் ஆண்டுதோறும் அந்த நவம்பர் ஞாயிறன்று நான் வீடு வந்து சேருமுன்னே போன் வந்துவிடும்.

"வாசிச்சவையே?"

"ஓமக்கா."

"பிழையில்லாமலோ?"

"இந்த முறை ஒரு பிழையும் இல்லை."

 அதற்குப் பிறகும் போனை இருவருமே உடனே வைப்பதில்லை.